கண்ணாடிக் கூட்டுக்குள் ஏழு பாதிகள்

அத்தியாயம் 14

மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்த கையோடு நர்ஸம்மாவை அப்படியே நிற்க வைத்துவிட்டுப் போன வாரம் நாம் கிளம்பிவிட்டோம். பாவம், ஏழு நாளாக நின்றுகொண்டிருக்கிறாள். படுக்கை விரிப்பை மாற்றத்தான் தன் அப்பாவின் அறைக்குள் வந்தாள். மெத்தைக்கு அடியில் கூடு தட்டுப்பட்டது. கண்ணாடி அப்பாவின் மூக்கில் இருக்கிறது, அப்படியானால் கூட்டுக்குள் சரசரக்கிறது என்ன என்று திறந்து பார்த்தாள்.

உள்ளே காகிதப் பொட்டலங்கள் இருந்தன. நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்னதாக, ஏழு. கோயிலில் கொடுக்கும் பங்கு மடலின் ஓரத்தைக் கிழித்து, பழைய பஸ் கண்டக்டர் ஒருவரால் மட்டுமே மடிக்க முடிகிற மடிப்பாக மடித்திருந்தது. ஒன்றைப் பிரித்தாள். வெள்ளையாக, வட்டத்தில் சரிபாதியாக, ஒரு துண்டு நற்கருணை அப்பம், பூசையில் கிறிஸ்துவின் உடலாகத் தருவது. இரண்டாவதைப் பிரித்தாள். அதுவும் பாதி. மூன்றாவதைப் பிரிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கோயிலுக்கு நடந்து வர முடியாத முதியவர்களுக்கு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை வீடு தேடி வரும். அப்படி வந்த ஏழு வெள்ளி, கூட்டுக்குள் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தது. இன்று எட்டாவது வெள்ளி. மணி ஏழரை. பத்து மணிக்கு ஆள் வந்துவிடுவார்.

"அப்பா, இது என்ன?"

அப்பா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். எண்பத்து மூன்று வயது. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெதுவாக வரும். மெதுவாக வந்தாலும் சரியாக வரும்.

"பெரியவனுக்கு" என்றார்.

"அண்ணனுக்கா?"

"அவன் பங்கு. பாதி எனக்கு, பாதி அவனுக்கு. வந்தான்னா குடுக்கணும்."

நர்ஸம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நாற்பது படுக்கைகளைக் கண்ணசைவில் ஆட்டிவைக்கிற தலைமை நர்ஸ் அவள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "நாக்கைத் தூக்குங்க" என்று சொல்லி, முழுங்கியாகிவிட்டதா என்று பார்க்காமல் ஒரு நோயாளியையும் விட்டதில்லை. சொந்த வீட்டில், சொந்த அப்பா, சாமியை மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

"அவனுக்கு நற்கருணை குடுக்கக் கூடாதுப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் கோயில்ல குடுக்க மாட்டாங்க. நான் குடுக்கலாம்ல."

அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முதல் கல்யாணம் முறிந்து, பதினோரு வருடத்துக்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டவன். திருச்சபை ஏற்காத கல்யாணம் என்பதால் நற்கருணை கிடையாது. அன்றிலிருந்து கோயிலில் கடைசி பெஞ்சு. மற்றவர்கள் எழுந்து நற்கருணை வாங்க வரிசையில் போகும்போது அவன் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழி விடுவான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு முதல் வெள்ளிக்கிழமை, அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது நற்கருணை வந்துவிட்டது. கொண்டு வந்தவர் அவனை வெளியே நிற்கச் சொன்னார். சோப்பு நுரையை உதறக்கூட நேரமில்லாமல் அவன் மாடிப்படியில் போய் நின்றான். அதற்குப் பிறகு வரவில்லை.

"அவன் ஏன் வரலைன்னு எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

நர்ஸம்மா கூட்டைச் சட்டென்று மூடினாள்.

"அன்னிக்கு என் வாயில அப்பம் இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்ல முடியல. அவனை வெளிய நிக்க வெச்சிட்டு நான் மட்டும் தின்னுட்டேன்னு நெனைச்சிருப்பான். ஒரு பங்கு எடுத்து வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா வந்துருவான்."

அவ்வளவுதானா என்று அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சுக்காக உடனே வெட்கமும் வந்தது. ஏனென்றால் அண்ணன் வராததற்குக் காரணம் மாடிப்படி இல்லை. அன்று சாயங்காலம் அவள்தான் போன் செய்து, "கொஞ்ச நாளைக்கு வராதண்ணே. குழுத் தலைவின்னு என் பேரைச் சொல்லிட்டிருக்காங்க. அது முடியட்டும்" என்றாள். அது முடிந்து, பங்கின் முதியோர் பராமரிப்புக் குழுவுக்கு அவள் தலைவியும் ஆகிவிட்டாள். வராதே என்று சொன்ன வாய், வா என்று சொல்ல மறந்துவிட்டது. அப்பாவிடம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பதில்தான்: அண்ணனுக்குத் தலைக்கு மேல் வேலை.

"இன்னிக்கு முழுசா சாப்பிட்டுடுங்கப்பா. பார்த்துட்டாங்கன்னா பட்டியல்ல இருந்து பேரை எடுத்துருவாங்க."

"யாரு?"

"விதி இருக்குப்பா."

"யாரு போட்ட விதி?"

அவள் தலையணை உறையை மாற்ற ஆரம்பித்தாள்.

விதியைப் போட்டவள் அவளேதான். மூன்று மாதத்துக்கு முன்னால் குழுக் கூட்டத்தில், நர்ஸ் என்கிற மரியாதையில் அவளையே எழுதச் சொன்னார்கள். நற்கருணையைச் சரியாக உட்கொள்ள முடியாதவர்களுக்கும், இன்னது பெறுகிறோம் என்று அறியாதவர்களுக்கும் இனி ஆசீர்வாதம் மட்டும். நாலே வரி. நல்ல தெளிவான வரிகள் என்று எல்லோரும் பாராட்டினார்கள். சட்டைக் கம்பெனியில் காலமெல்லாம் பொத்தான் தைத்த பட்டன் அக்கா, தொண்டை அடைத்து அப்பத்தைக் கைக்குட்டையில் துப்பிவிட்டாள் என்று அவள் பெயர் அன்றைக்கே அடிக்கப்பட்டது. அடித்த பேனாவும் நர்ஸம்மாவுடையதுதான்.

பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மேனேஜர் சார் வந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நற்கருணை கொண்டு செல்லும் அதிகாரம் பெற்றவர். செருப்பை வாசலில் இணையாக வைத்து, கை கழுவி, கழுத்தில் தொங்கிய, அப்பம் வைத்த சிமிழை மேஜையின் வெள்ளைத் துணிமேல் வைத்தார். இந்த மனிதரை நாம் இதுவரை நாலைந்து அத்தியாயங்களில் வறுத்தெடுத்திருக்கிறோம். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். சிமிழைத் திறக்கும் முன் அதை ஒரு முறை கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது நடிப்பில்லை.

நர்ஸம்மா மெழுகுவத்தியை ஏற்றினாள். கூடு அலமாரியில், மடித்த துண்டுகளுக்கு அடியில் இருந்தது.

"கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்" என்றார் அப்பா. இடது உள்ளங்கையில் அப்பம் வைக்கப்பட்டது.

மேனேஜர் சார் கண்ணை மூடி நன்றி மன்றாட்டைத் தொடங்கினார். இந்த மன்றாட்டின்போது எல்லோரும் கண்ணை மூடுவது வழக்கம். எட்டு மாதமாக நர்ஸம்மாவும் மூடிக்கொண்டுதான் இருந்தாள். இன்று மூடவில்லை.

ஓடுகிற பஸ்ஸில் ஒரு கை மேல்கம்பியைப் பிடித்திருக்க, மறு கையின் கட்டைவிரலாலேயே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து முப்பத்து நாலு வருடம் பழகிய கை அது. அப்பத்தின் நடுவில் கட்டைவிரல் லேசாக அழுந்தியது. சத்தமே இல்லை. பாதி வாய்க்குப் போனது. மீதி உள்ளங்கைக்குள் மறைந்து, கை மெத்தையின் ஓரத்துக்கு நகர்ந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். மேனேஜர் சார் போன பிறகு பேசிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவளுக்குள் இருந்த மகள் யோசிப்பதற்குள் நர்ஸ் முந்திக்கொண்டாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையைத் திறங்க."

மாத்திரையை ஒளிக்கிற நோயாளிகளிடம் பேசுகிற குரல். அப்பா திறக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பாதி அப்பம் விரிப்பின்மேல் விழுந்து, அங்கிருந்து நழுவித் தரைக்குப் போனது.

மன்றாட்டு நின்றது. மேனேஜர் சார் கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வலிக்கிற முழங்காலை மடக்கி, தரையில் மண்டியிட்டு, இரண்டு விரலால் அதை எடுத்துச் சிமிழில் வைத்தார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இது முதல் தடவையா நர்ஸம்மா?"

"ஆமா சார். இன்னிக்குத்தான்."

"எட்டு" என்றார் அப்பா.

எத்தனை டிக்கெட் கிழித்தோம் என்கிற கணக்கில் ஒரு நாளும் தப்பாதவர். பொய் சொல்லவும் அந்த உத்தியோகத்தில் அவருக்கு யாரும் பழக்கித் தரவில்லை. மகள் இப்போதுதான் ஒன்று சொன்னாள் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. கேட்டார்கள், சரியான எண்ணைச் சொன்னார், அவ்வளவுதான்.

"மத்தது எங்க?"

நர்ஸம்மா அலமாரியிலிருந்து கூட்டை எடுத்துக் கொடுத்தாள். மேனேஜர் சார் ஏழு பொட்டலங்களையும் பார்த்தார். கூட்டை மூடி, மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் சுற்றினார்.

"நான் கொண்டு வந்தது" என்றார் மெதுவாக. "ஒவ்வொண்ணும் நான் கொண்டு வந்தது."

"சார், அப்பாவுக்கு..."

"பட்டன் அக்காவுக்கு ஒரு நியாயம், உங்கப்பாவுக்கு ஒரு நியாயமா? அந்த அம்மாவாவது முடியாம துப்பினாங்க. விதியை நீங்கதான் எழுதுனீங்க. நான் கூட இவ்வளவு கறாரா வேண்டாம்னேன், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை.

"என்னை இறக்கிவிடுறீங்களா?" என்று அப்பா கேட்டார்.

மேனேஜர் சாருக்குப் புரியவில்லை.

"வண்டியில இருந்து" என்றார் அப்பா. "அடுத்த வெள்ளி எனக்கு உண்டா, இல்லையா?"

"நான் யாருங்க முடிவு பண்றதுக்கு? ஃபாதர் சொல்லணும்." மெழுகுவத்தியை அவரே ஊதி அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

பங்குத்தந்தையைப் பார்க்க நர்ஸம்மா பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டாள். குறுக்குச் சந்தில் போயிருந்தால் தப்பித்திருப்பாள். வெயில் என்று நிழல் பக்கமாகப் போனாள். நிழல் பக்கத்தில்தான் பட்டன் அக்காவின் ஜன்னல்.

ஜன்னலுக்குள் சின்ன மேஜை. அதன்மேல் இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி. நட்டநடு மத்தியானத்தில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் உருகிவிட்டது. பட்டன் அக்கா நல்ல புடவை உடுத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நர்ஸம்மாவா? மேனேஜர் சாரை வழியில பாத்தியா? போன மாசமும் காணோம், அதுக்கு முந்தின மாசமும் காணோம்."

பெயரை எடுத்துவிட்டதை நேரில் போய்ச் சொல்ல வேண்டியது தலைவியின் பொறுப்பு. இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று மூன்று முதல் வெள்ளி போய்விட்டது.

"அவருக்கு வேலை அதிகம்க்கா."

"அதான் நானும் நெனைச்சேன். பாவம், வயசான மனுஷன். எத்தனை மாடிதான் ஏறுவாரு? வரட்டும், நான் சாப்பிடாம இருக்கேன்."

"நீங்க சாப்பிடுங்கக்கா. நற்கருணைக்கு நோயாளிங்க வெறும் வயிறா இருக்கணும்னு இல்ல."

"இருந்துட்டுப் போறேன். எனக்கு வேற என்ன வேலை?"

நர்ஸம்மா வெயில் பக்கத்துக்கே மாறி நடந்தாள். நாம் இருந்திருந்தாலும் வேறென்ன செய்திருப்போம்?

பங்கு அலுவலகத்தில் பங்குத்தந்தை சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை முதியோர் திருப்பலி. எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மேடையில் தங்கக் கரை போட்ட சான்றிதழ். அடுக்கில் மேலாக இருந்தது அப்பாவுடையது. 'பங்கின் மூத்த விசுவாசி.'

"மேனேஜர் சார் எல்லாத்தையும் சொன்னாரு. உக்காருங்க" என்றார் ஃபாதர். "யாருக்காக வெச்சிருந்தாரு?"

"அண்ணனுக்கு."

ஃபாதர் பேனாவை மூடி வைத்தார். "மனசு கஷ்டமா இருக்கு நர்ஸம்மா. இதுல ரெண்டு வழிதான் இருக்கு. தெரிஞ்சே செஞ்சாருன்னா அது பெரிய விஷயம். நானே வர்றேன், பாவசங்கீர்த்தனம் பண்ணட்டும், இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு சொல்லட்டும். சொல்லுவாரா?"

"சொல்ல மாட்டாரு ஃபாதர்."

"சொல்லாட்டி குழுவுல பேசணும். மேலிடத்துக்கும் எழுதணும். உங்க பொறுப்பைப் பத்தியும் கேள்வி வரும். இன்னொரு வழி, அவருக்கு நினைவு சரியில்லன்னு வெச்சுக்கறது. அப்ப அது பாவமே இல்ல. மாசா மாசம் ஆசீர்வாதம் குடுத்துட்டு வந்துரலாம். ஞாயித்துக்கிழமை மேடையும் உண்டு. அவருக்கும் அவமானம் இல்ல, உங்களுக்கும் இல்ல."

கடைசி வார்த்தைகள்தான் அவளைப் பிடித்தன. அதை ஒளிப்பானேன்? அப்பாவின் மானத்தைப் பற்றி அந்த நேரத்தில் அவள் யோசித்தது கொஞ்சம், தன்னுடையதைப் பற்றி யோசித்தது நிறைய.

ஃபாதர் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். விதியோடு சேர்த்து அவளே தயார் செய்த படிவம். பெயர் போட்டால் முதியவர்களுக்குத் தலைகுனிவு, பங்கின் குடும்ப எண் மட்டும் போதும் என்று சொன்னவளும் அவள். ஒரு பிள்ளையின் பேச்சை மட்டும் நம்பிவிடக் கூடாது, வீட்டில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாள் பாருங்கள்.

"ரெண்டாவது கையெழுத்து உங்க அண்ணன் போட்டாப் போதும்."

"அவனா? அவன்தான் நற்கருணைக்கே ஆகாதவனாச்சே ஃபாதர்."

"கையெழுத்துக்கு ஆவாரு" என்றார் ஃபாதர். கேலியாகச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு அடுத்த சான்றிதழை எடுத்தார்.

நர்ஸம்மா குடும்ப எண்ணை எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து போட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அண்ணனின் பட்டறையில் மூன்று ஃப்ரிட்ஜ்கள் கதவைத் திறந்தபடி நின்றன. அவன் தரையில் உட்கார்ந்து ஒரு குழாய்க்குப் பற்று வைத்துக்கொண்டிருந்தான். வாசலில், வந்த சாமான்களுக்குச் சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருந்தாள் புது அண்ணி. பதினோரு வருடமாகியும் அவளுக்கு அதுதான் பெயர்.

"வாங்க" என்று ஸ்டூலைத் தள்ளினாள். "மாமா எப்படி இருக்காங்க?"

"இருக்காரு."

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "என்ன, தலைவி பட்டறைக்கெல்லாம் வர்றாங்க? யாராவது பாத்துறப் போறாங்க."

"அண்ணே, அப்பா உன்னைத் தேடறாரு."

"எட்டு மாசமாத் தேடலையா?"

"தேடிட்டுத்தான் இருந்தாரு. நான்தான் உனக்கு வேலைன்னு சொல்லிட்டிருந்தேன்."

"நல்லது. வராதேன்னு சொன்னதும் நீ, வரலைன்னு சொன்னதும் நீ. எல்லா வேலையையும் ஒரே ஆளா எப்படித்தான் பாக்கறியோ."

அவள் கூட்டைப் பற்றிச் சொன்னாள். பாதிகளைப் பற்றி, மடிப்புகளைப் பற்றி, காலையில் தன் கையால் அப்பாவின் விரல்களைப் பிரித்தது வரைக்கும் சொன்னாள். அண்ணன் தீயை அணைத்தான். நெருப்பு நின்ற பிறகும் குழாயைப் பிடித்தபடியே இருந்தான்.

"எனக்காகவா?"

"ஆமா."

"எனக்குக் கிடையாதுன்னு அவருக்குத் தெரியுமே."

"தெரிஞ்சுதான் வெச்சிருக்காரு."

புது அண்ணி சீட்டும் நூலும் கையிலிருக்க எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டுக் கதையில் அவளால்தான் எல்லாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் இன்றுவரை ஒருவரையும் ஒன்றும் சொன்னதில்லை.

"இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றே?" என்றான் அண்ணன்.

கைப்பைக்குள் படிவம் இருந்தது. எடுக்கத்தான் வந்தாள். "ஒரு கையெழுத்து வேணும்ணே. ஆஸ்பத்திரிக் காகிதம் மாதிரி. அவசரம் இல்ல."

"குடு."

"அப்புறம் பாத்துக்கலாம்."

"சரி, நீ கிளம்பு. வர்றதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரிக்குப் போய், அரை நாள் வேலையையும் முடித்துக்கொண்டு அவள் வீடு திரும்பும்போது மணி ஆறு. படியேறும்போதே சவர சோப்பின் வாசனை வந்தது. அதே கிண்ணம், அதே பிரஷ், எட்டு மாதத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி அண்ணன் அப்பாவின் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தான். அப்பாவின் இடது கை மெத்தைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தது.

"இங்கதான் வெச்சிருந்தேன்டா. இன்னிக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"பரவால்லப்பா. முகத்தை ஆட்டாதீங்க."

"மொத்தம் எட்டு. மழை கொட்டுச்சே, அந்த வெள்ளி ஒண்ணு. கரண்ட் போன வெள்ளி ஒண்ணு. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒண்ணு, அன்னிக்கு முழுசும் உனக்கே வெச்சிரலாம்னு பாத்தேன், மனசு கேக்கல, பாதி தின்னுட்டேன்."

அண்ணன் சிரித்தான். சிரிக்கும்போது கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். "நம்ம ரூட் ஞாபகம் இருக்காப்பா?"

"ஏன் இல்லாம? டிப்போ, பழைய மார்க்கெட், பெரியாஸ்பத்திரி, மில் கேட், தண்ணித் தொட்டி..." அப்பா நிறுத்தி நிறுத்தி, ஒன்று விடாமல், இருபத்து மூன்று நிறுத்தங்களையும் சொல்லி முடித்தார். திரும்பி வரும்போது மட்டும் நிற்கிற இரண்டையும் தனியாகச் சொன்னார்.

நர்ஸம்மா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கைப்பை கனத்துக்கொண்டே போனது. மகன் வந்துவிட்டான், அப்பா இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று, சந்தோஷப்பட வேண்டியவள்தான். அவளுக்கு அழுகைதான் வந்தது, அதுவும் தனக்காகத்தான் வந்தது.

"வாம்மா" என்றார் அப்பா. "அண்ணனை நீதான் வரச்சொன்னியாமே. நீ சொன்னாத்தான் அவன் கேப்பான்."

"என்னைவிட இவருக்குத்தான் நினைவு நல்லா இருக்கு" என்றான் அண்ணன். "அது சரி, ஏதோ கையெழுத்துன்னியே, எங்க?"

"இருக்கட்டும்ணே. நாளைக்கு."

"நாளைக்கு நான் வருவேனோ மாட்டேனோ. மறுபடியும் யாராவது தலைவி ஆகறதுக்கு நான் வீட்ல உக்காரணும்." கைப்பை அவளுடைய தோளிலிருந்து நாற்காலிக்கு வந்திருந்தது. அதன் வாயில் மடித்த காகிதத்தின் முனை தெரிந்தது. நுரை படாத இரண்டு விரலால் அண்ணன் அதை உருவினான். விரித்துத் தூரமாகப் பிடித்தான், கிட்டமாகப் பிடித்தான். "கண்ணாடி பட்டறையில இருக்கு. எழுத்து பூச்சி மாதிரி ஓடுது. அப்பா, நீங்க படிங்க."

"வேண்டாம்ணே, குடு இங்க."

அதற்குள் அப்பா கையை நீட்டிவிட்டார். தன்னால் ஆகிற காரியம் ஒன்று வந்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். நிறுத்தத்தின் பேரைக் கூவுகிற பழைய குரலில், மெதுவாக, சொல் சொல்லாகப் படித்தார்.

"குடும்ப எண் இருநூற்றுப் பதினாறு." கொஞ்சம் நிறுத்தினார். எண்களை மறக்கிற ஆள் இல்லை அவர். "மேற்படி நோயாளர்... தம் நினைவும் சூழல் உணர்வும் இழந்தவர் என்றும்... தாம் பெறுவது இன்னதென்று அறியாதவர் என்றும்... தம் செயல்களுக்குத் தாம் பொறுப்பல்லாதவர் என்றும்... இதனால் உறுதியளிக்கிறேன்."

ஒரு சொல்லும் தடுக்காமல் படித்து முடித்தார். கன்னத்தில் பாதி நுரை காய்ந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் காகிதத்தின் கீழே இறங்கி, மகளின் கையெழுத்துக்கு மேல் வந்து நின்றது.

"எழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்றார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பாவம். யாரும்மா இந்த ஆளு?"

அண்ணன் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் காகிதத்தின் பக்கம் குனிந்தான். அது தங்கள் குடும்ப எண் என்று அவனுக்கும் தெரியும்.